பின்னிணைப்பு இல்லாத புத்தகம்

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் அந்தப் பெண் கவனித்தாள். "சார், ஜெராக்ஸ்ல கடைசிப் பக்கம் ஒண்ணுமே வரல சார்." சீனியர் ஒருத்தியிடம் இரவல் வாங்கி நகல் எடுத்த புள்ளியியல் புத்தகம். பாடம் முடிந்த இடத்தோடு புத்தகமும் முடிந்தது என்று கடைக்காரர் நினைத்திருக்க வேண்டும். ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டையும் வைத்துக் கொடுத்துவிட்டார். விடுபட்டது பின்னிணைப்பு. ஈருறுப்புப் பரவலுக்கான அட்டவணை அதில்தான் இருந்தது.

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் அவர்கள் வீடும் என் வீடும் ஒரே பிளாக். அவளுடைய அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அன்றைக்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்து ஜீரோ கேட்டை நோக்கி நிற்கும் வரிசையில் எங்கோ இருந்தார். அண்ணன் மணலிப் பக்கம் ஒரு பட்டறையில் க்யூசி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போவது இவள்.

"போன்ல தேடினா ஆயிரம் டேபிள் கெடைக்குமேம்மா" என்றேன்.

"எடுத்தேன் சார். ஒண்ணொண்ணு ஒவ்வொரு மாதிரி இருக்கு. இருபது, 0.05, ஒண்ணு. இந்தக் கட்டத்துல ஒரு டேபிள் 0.3774-ன்னு போட்டிருக்கு. இன்னொண்ணு 0.7358-ன்னு போட்டிருக்கு. எது சார் கரெக்டு?"

இரண்டும் சரி. அதைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வை, வாத்தியார்களுக்கு அவ்வப்போது கிடைக்கும் பார்வைதான். இருபது போல்ட் எடுக்கிறோம், ஒவ்வொன்றும் சொத்தையாக இருக்க நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. அப்போது சரியாக ஒன்று சொத்தையாக இருக்கும் நிகழ்தகவு 0.3774. அதிகபட்சம் ஒன்று, அதாவது ஒன்றுமே இல்லை அல்லது ஒன்று, என்றால் 0.7358. முதலாவது தனி அட்டவணை, இரண்டாவது கூட்டுத்தொகை அட்டவணை. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதை அட்டவணை நம்மிடம் சொல்லாது. தலைப்பில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், பரீட்சை அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. 'ஒன்றுக்குக் குறைவு', 'ஒன்றுக்குக் குறையாமல்', 'ஒன்றுக்கு மேற்படாமல்' என்ற மூன்றையும் குழப்பிக்கொண்டு மார்க்கைக் கோட்டைவிட்டவர்கள், சூத்திரம் மறந்து கோட்டைவிட்டவர்களைவிட அதிகம் என்பது என் டியூஷன் அனுபவம்.

சரி, மூன்று நாளும் அட்டவணையே இல்லாமல் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பரீட்சைக்குச் சாதா கால்குலேட்டர் உண்டு. அது போதும்.

அட்டவணை என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே உள்ள வாய்பாட்டில் தொடங்கலாம். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ தமிழ் ஐயா அடித்துச் சொல்லிக்கொடுத்தது: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். நேர், நிரை என்று அசை இரண்டு வகை. ஈரசைச் சீர் என்றால் இரண்டு இடம். இவற்றை நிரை எத்தனை என்று பார்த்து அடுக்குங்கள். நிரையே இல்லாதது தேமா மட்டும். ஒரே நிரை உள்ளவை புளிமாவும் கூவிளமும். இரண்டும் நிரையானது கருவிளம். ஆக 1, 2, 1.

மூவசைக்குப் போனால் எட்டுச் சீர். தேமாங்காயில் நிரை இல்லை. புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி மூன்றிலும் ஒரு நிரை. கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி மூன்றிலும் இரண்டு. கருவிளங்கனியில் மூன்றும் நிரை. 1, 3, 3, 1. நாலசைச் சீர் பதினாறையும் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் சேர்த்து அடுக்கினால் 1, 4, 6, 4, 1 வரும். ஈருறுப்புக் கெழுக்கள் இவைதான். பாஸ்கலின் முக்கோணம் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதும் இதுதான். பாஸ்கல் எழுதியது 1665-இல் வெளியானது. பிங்கலரின் வடமொழி யாப்பு நூலுக்கு 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், குரு, லகு என்ற அசைகளை எண்ண இதே முக்கோணத்தை மேரு என்ற பெயரில் அடுக்கியிருக்கிறார். செய்யுளில் அசை எண்ணுகிறவனும், தொழிற்சாலையில் சொத்தை எண்ணுகிறவனும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

"சார், நிரைக்கும் நேருக்கும் சம வாய்ப்புன்னா ஓகே. போல்ட்டுல நூத்துக்கு அஞ்சுதானே?"

நல்ல கேள்வி. அங்கேதான் பெருக்கல் வருகிறது. இருபதும் நல்ல போல்ட்டாக இருக்கும் வாய்ப்பு, 0.95-ஐ இருபது முறை பெருக்கினால் வருவது. இருபது முறை பெருக்க வேண்டாம். வர்க்கம் எடுத்துக்கொண்டே போகலாம். இரண்டாம் அடுக்கு 0.9025. அதன் வர்க்கம், நான்காம் அடுக்கு, 0.814506. அதன் வர்க்கம், எட்டாம் அடுக்கு, 0.663420. இன்னொரு வர்க்கம், பதினாறாம் அடுக்கு, 0.440127. பதினாறும் நான்கும் இருபது. ஆகவே 0.440127-ஐ 0.814506-ஆல் பெருக்கினால் 0.358486. மொத்தம் ஐந்தே பெருக்கல்.

கஷ்டப்பட்டுக் கணக்கிட வேண்டியது இந்த ஓர் எண்ணை மட்டும்தான். மற்றவை எல்லாம் இதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒரு சொத்தைக்கான நிகழ்தகவிலிருந்து இரண்டு சொத்தைக்குப் போக, சூத்திரத்தை மறுபடி முழுதாக எழுத வேண்டியதில்லை. மீதமிருக்கும் இடங்களின் எண்ணிக்கையால் பெருக்கு, புதிய சொத்தை எண்ணிக்கையால் வகு, பிறகு சொத்தைக்கும் நல்லதுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கு. இங்கே அந்த விகிதம் 5-க்கு 95, அதாவது 1/19.

பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு: மீதி 20 இடம், 1-ஆல் வகுக்க வேண்டும், பிறகு 1/19. 0.358486 × 20 ÷ 19 = 0.377354. ஒன்றிலிருந்து இரண்டுக்கு: மீதி 19 இடம், 2-ஆல் வகுக்க வேண்டும், 1/19. பத்தொன்பதும் பத்தொன்பதும் அடிபட்டுப்போய் சரிபாதி நிற்கிறது: 0.188677. மூன்றுக்கு 18 ÷ 3 ÷ 19, அதாவது 0.059582. நான்குக்கு 17 ÷ 4 ÷ 19, அதாவது 0.013328.

அவள் நோட்டில் வரிசையாக எழுதினாள். கூட்டிப் பார்த்தாள். 0.997427. கடைசி இலக்கம் ஒன்று முன்பின் இருக்கலாம். ஐந்தும் அதற்கு மேலும் சொத்தையாக இருக்க மீதியிருப்பது ஆயிரத்தில் மூன்றுகூட இல்லை. எங்காவது பிசகியிருந்தால் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டும், அல்லது ஒன்றுக்கு வெகு கீழே நின்றுவிடும். அட்டவணையில் தவறான கட்டத்தைப் பார்த்தால் இப்படி எந்த எச்சரிக்கையும் வராது. தவறான எண்ணும் நான்கு தசமத்தோடு கம்பீரமாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

இங்கே நின்று அந்த 0.7358-ஐ மறுபடி பார்க்க வேண்டும். இவள் அண்ணன் செய்யும் வேலை இது. ஒரு லாட் வருகிறது. முழுவதையும் சோதிக்க நேரமில்லை, இருபது எடுத்துப் பார்க்கிறான். ஒன்றுக்கு மேல் சொத்தை இருந்தால் ரிஜக்ட், இல்லாவிட்டால் பாஸ். லாட்டில் உண்மையிலேயே நூற்றுக்கு ஐந்து சொத்தை என்று வைத்துக்கொள்வோம். அந்த லாட் பாஸாகும் வாய்ப்பு 0.7358. நான்கில் மூன்று முறை அது உள்ளே போய்விடும்! க்யூசி தூங்கினான் என்று சூப்பர்வைசர் சத்தம் போடலாம். அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். இருபது போல்ட்டில் தெரியக்கூடியது அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஹரோல்ட் டாட்ஜ், ஹாரி ரோமிக் என்ற இருவர் இதையே தொழிலாகக் கொண்டு ஆராய்ந்தார்கள். லாட்டில் எத்தனை எடுக்க வேண்டும், எத்தனை சொத்தை வரை பொறுக்கலாம் என்று அவர்கள் போட்ட அட்டவணைகள் 1944-இல் புத்தகமாயின. ஈருறுப்பு அட்டவணைகளின் பொற்காலமும் அதையொட்டித்தான் வந்தது. 1950-இல் அமெரிக்கத் தரநிலைப் பணியகம் 49 வரையிலான எண்ணிக்கைக்கு அட்டவணை வெளியிட்டது. அது நின்ற இடத்திலிருந்து 100 வரை ரோமிக் 1953-இல் போட்டார். 1955-இல் ஹார்வர்டு கணிப்பு ஆய்வகம் 1000 வரை போய் ஒரு தடித்த புத்தகத்தை இறக்கியது. இந்தியாவில் சி. ஆர். ராவ், மித்ரா, மத்தாய் மூவரும் தொகுத்த புள்ளியியல் அட்டவணை நூல் 1966-இல் கல்கத்தாவில் வந்தது. நம் பாடப்புத்தகப் பின்னிணைப்பு இப்படிப்பட்ட பெரிய புத்தகங்களின் நறுக்கிய துண்டு. கம்ப்யூட்டர் வந்தபின் யாரும் அவற்றைப் புதிதாகப் போடுவதில்லை. பாடத்திட்டம் மட்டும் இன்னும் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நம் பெரியவர்கள் மடக்கை பார்க்கக் கிளார்க்ஸ் டேபிளைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி. எண்ணைத் தேடி எடுக்கும் வித்தைக்கு மார்க் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

மறுநாள் கண்டெய்னர் கணக்கு. துறைமுகத்துக்குள் 100 பெட்டி போகின்றன, ஒவ்வொன்றையும் திறந்து சோதிக்க நூற்றுக்கு நான்கு வாய்ப்பு என்று கணக்குக்காக வைத்துக்கொண்டோம். மூன்றுக்கு மேற்படாமல் மாட்டும் நிகழ்தகவு என்ன? நூறாம் அடுக்குக்குப் போக வேண்டும். வர்க்கம் எடுத்துப் போகலாம்தான், ஆனால் இதற்குச் சுருக்குவழி உண்டு. வாய்ப்பு சிறிதாகவும் எண்ணிக்கை பெரிதாகவும் இருந்தால், பிரெஞ்சுக்காரர் பாய்சான் 1837-இல் தந்த பரவல் கைகொடுக்கும். அதற்குச் சராசரி ஒன்று தெரிந்தால் போதும். இங்கே அது 4. ஆய்லரின் 2.71828-இன் நான்காம் அடுக்கு 54.598, அதன் தலைகீழ் 0.018316. இதை வினாத்தாளிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். 1 + 4 + 8 + 10.667 = 23.667. பெருக்கினால் 0.4335. பொறுமையாக ஈருறுப்பையே போட்டுப் பார்த்தோம்: 0.4295. ஆயிரத்தில் நான்கு வித்தியாசம்.

இரவு லாரியிலிருந்து வந்த அவள் அப்பா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது எப்டி சார், ஒரே பார்ட்டி பெட்டின்னா ஒண்ணு மாட்டுனா வரிசையா மாட்டும்." ஈருறுப்புப் பரவலின் அடிப்படை நிபந்தனையே அதுதான். ஒன்று மாட்டியது இன்னொன்றைப் பாதிக்கக் கூடாது. பாடப்புத்தகம் அதைச் 'சார்பற்ற முயற்சிகள்' என்று ஒரு வரியில் சொல்லிப் போகிறது. இந்த நிபந்தனை உடைந்த இடத்தில் ஆயிரம் பக்க அட்டவணை இருந்தும் பயனில்லை. அந்த வரியை அவள் நோட்டில் அப்பாவின் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டாள்.

அந்த லாரி வரிசை போய்ச் சேரும் துறைமுகத்துக்கும் இந்தக் கணக்குக்கும் வேறொரு சம்பந்தம் இருக்கிறது. 1912 மார்ச் 1 அன்று மதராஸ் போர்ட் டிரஸ்ட்டின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். எப்.ஏ. தேர்வில் தேறாதவர். பெயர் சீனிவாச ராமானுஜன். காகிதம் வாங்கக் கட்டாது என்று சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதுகிறவர்.

வேலைக்குச் சேரும் முன்பே, 1911-இல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். நாம் மேலே எழுதிய அதே தொடர்தான் அது. 54.598-இல் பாதி 27.299. நம் தொடரில் நான்கு உறுப்பு கூட்டினால் 23.667. ஐந்தாவது உறுப்பும் 10.667-தான். அதை முழுதாகச் சேர்த்தால் பாதியைத் தாண்டிவிடுகிறது, சேர்க்காவிட்டால் குறைகிறது. அப்படியானால் அதில் எவ்வளவு பங்கு எடுத்தால் சரியாகப் பாதி வரும்? குறைவது 3.632. அதை 10.667-ஆல் வகுத்தால் 0.3405. ராமானுஜன் சொன்னது: நான்குக்குப் பதில் எந்த முழு எண்ணை வைத்தாலும் இந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் இரண்டில் ஒன்றுக்கும் நடுவில்தான் இருக்கும். 1913 ஜனவரி 16 அன்று துறைமுக குமாஸ்தாவாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இன்னும் நெருங்கிப் போனார். பங்கு மூன்றில் ஒன்று, அதோடு ஒரு சிறு திருத்தம்; அந்தத் திருத்தம் எந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்பதையும் எழுதிவிட்டார். அந்தக் கடைசி எல்லைகளுக்கு முழு நிரூபணம் 1995-இல்தான் அச்சில் வந்தது. கம்ப்யூட்டரில் தகவலைத் தேடும் ஒரு முறையை ஆராய்ந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது.

பரீட்சைக்கு இதனால் என்ன லாபம்? சராசரி 4 என்றால், மூன்றுக்கு மேற்படாத நிகழ்தகவு, பாதியிலிருந்து நான்குக்கான நிகழ்தகவில் மூன்றில் ஒரு பங்கையும் இத்தனூண்டு கூடவும் கழித்தால் வருவது. நான்குக்கான நிகழ்தகவு 0.1954. அதில் 0.34 பங்கு 0.0664. பாதியில் கழித்தால் 0.4336. முழுக் கணக்கில் வந்தது 0.4335. இதை விடைத்தாளில் எழுதினால் திருத்துகிறவர் மிரளக்கூடும். ஓரமாகச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள் என்றேன்.

ராமானுஜன் விட்டுப்போன தாள்களில் இன்னொரு கைமுதலும் இருந்தது. அந்தத் தாள்களில் ஒரு பகுதி 1976-இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடைத்தது, தொகுப்பு 1988-இல் அச்சானது. ஈருறுப்புச் சூத்திரத்தில் நம்மைக் கலங்கடிப்பது காரணீயப் பெருக்கம், வகுப்பறைப் பேச்சில் ஃபேக்டோரியல். ஐம்பதின் ஃபேக்டோரியல் 65 இலக்க எண். இதைத் தோராயமாகக் கண்டுபிடிக்க ஸ்டர்லிங் 1730-இல் ஒரு வழி தந்தார். ஐந்துக்கு அது 118.02 தரும், உண்மை 120. ராமானுஜன் அதே வடிவத்தில் ஒரு சிறு வேலை செய்தார். எண்ணின் கனத்தை எட்டால் பெருக்கி, வர்க்கத்தை நான்கால் பெருக்கி, எண்ணையும் முப்பதில் ஒன்றையும் கூட்டி, ஆறாம் மூலம் எடுக்கச் சொன்னார். அந்த மூலத்தை, எண்ணை 2.71828-ஆல் வகுத்து அத்தனை அடுக்கு உயர்த்தியதோடும், பையின் வர்க்க மூலத்தோடும் பெருக்க வேண்டும். ஐந்துக்கு இது 120-ஐ ஒட்டி நிற்கிறது, நான்காம் தசமத்தில்தான் பிசகு. ஒன்றுக்கே போட்டால்கூட 1.0003. ஸ்டர்லிங் அங்கே 0.92 என்கிறார்.

மூன்றாம் நாள் சீக்கிரம் முடிந்தது. எண்ணிக்கையும் பெரிது, வாய்ப்பும் சிறிதில்லை என்றால் இயல்நிலைப் பரவல். அதை 1733-இல் கண்டவர் டி மாவர். பிரான்சிலிருந்து அகதியாக லண்டனுக்குப் போய், வீடு வீடாக டியூஷன் எடுத்தும் சூதாடிகளுக்குக் கணக்குச் சொல்லியும் பிழைத்தவர். நம்ம ஆள்! நூறு முறை நாணயம் சுண்டி அறுபது அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு என்ன? சராசரி 50, திட்ட விலக்கம் 5. அறுபதை அப்படியே எடுத்தால் இரண்டு விலக்கம் தள்ளி, விடை 0.0228. அறுபது என்ற கம்பத்தின் இடது விளிம்பு 59.5 என்பதை நினைவில் வைத்து அரையைக் கழித்தால் 1.9 விலக்கம், விடை 0.0287. உண்மை விடை 0.0284. அந்த அரையை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

பரீட்சை முடிந்து மாலை படியேறி வந்தவள் வாசலிலேயே சிரித்தாள். "ஹால்ல டேபிள் புக் கொடுத்தாங்க சார்."

"பாத்து எழுதினியா?"

"எழுதிட்டு, அதுல பிரிண்ட் சரியா இருக்கான்னு பாத்தேன்."

அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் நீங்களும் ஒன்று போட்டுப் பாருங்கள். ஐம்பது போல்ட், நூற்றுக்கு இரண்டு சொத்தை. 0.98-இன் ஐம்பதாம் அடுக்குக்கு ஏழு பெருக்கல் போதும். ஐம்பது என்பது முப்பத்திரண்டும் பதினாறும் இரண்டும். விடை 0.364 வர வேண்டும். வராவிட்டால் வர்க்கம் எடுத்ததில் எங்கோ தசமப் புள்ளி நகர்ந்திருக்கிறது.